பிரியாணி எத்தனை பாக்கெட்?

கேலாங் என்றதும் சிங்கப்பூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று டுரியான். மற்றொன்றைக் குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகையில் எழுத முடியாது. ‘இரட்டைப்படை லோரோங்குகள்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன், புரிகிறவர்களுக்குப் புரியும், புரியாதவர்கள் நல்லவர்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: கடவுளின் கிளை அலுவலகங்கள். சீனக் கோயில், பௌத்த சங்கம், குலமரபுச் சங்கம், பள்ளிவாசல், கடைவீட்டு மாடியில் கிறிஸ்தவ சபை எல்லாம் இங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. கொஞ்சம் தள்ளி கேலாங் ஈஸ்ட்டில், ஆர்ச்சர்ட் ரோட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஸ்ரீ சிவன் கோயில். அந்த வட்டாரத்திலேயே 1924-இல் தொடங்கிய கேலாங் மெதடிஸ்ட் பள்ளி. பாவமும் புண்ணியமும் ஒரே வாடகைச் சந்தையில் வீடு தேடுகிற ஊர் இது.

கடவுளின் கிளை அலுவலகம் நடத்துவது என்றால் என்ன? ஆப்பிரிக்கக் கிராமத்தில் ஊழியமும் பள்ளிக்கூடமும் நடத்துகிறவர்கள் ஆதரவாளர்களுக்கு அனுப்பும் மடல்களைப் படித்திருப்பீர்கள். மண் சுவர் வகுப்பறை, வெயிலில் கண் சுருக்கிச் சிரிக்கும் பிள்ளைகள், கீழே ‘கர்த்தர் இந்த மாதம் பெரிய காரியங்களைச் செய்தார்’ என்று ஒரு வரி. வரிகளுக்கு நடுவே கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்தப் பெரிய காரியம் பெரும்பாலும் கழிவுநீர்த் தொட்டியாக இருக்கும். ஜெனரேட்டருக்கு டீசல், மக்காச்சோள மூட்டையில் வண்டு, சம்பளம் கேட்டு நிற்கும் கணக்கு வாத்தியார், மழைக்கு முன் மாற்றியே ஆகவேண்டிய கூரைத் தகரம் எல்லாம் முடிந்து மிஞ்சும் அரைமணி நேரத்தில்தான் ஆத்துமாக்கள். இதைப் பலர் இரக்கத்தோடு பார்க்கிறார்கள்: ஐயோ பாவம், பிரசங்கிக்கப் போனவர் பிளம்பர் ஆகிவிட்டாரே என்று. என் கட்சி வேறு. சமயப் பணியாளர் உருப்படியாக விட்டுப்போனது எல்லாம் இந்த எடுபிடி வேலைகளிலிருந்து வந்ததுதான். பிரசங்கத்துக்கு நேரம் குறைந்த அளவுக்கு ஊருக்கு நன்மை கூடியிருக்கிறது.

சாட்சிக்கு ஆப்பிரிக்கா வரை போகவேண்டாம், தரங்கம்பாடி போதும். 1706 ஜூலையில் மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கே கரையிறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர். வரவேற்க வேண்டிய டேனிஷ் கம்பெனி ஆளுநருக்கோ அவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. வியாபாரம் நடக்கிற இடத்தில் மனசாட்சி எதற்கு என்பது அவர் கேள்வி, நியாயமான கேள்விதான். கடைசியில் 1708-இல் சீகன்பால்கைப் பிடித்து நான்கு மாதம் உள்ளே தள்ளினார். வெளியே வந்தவருக்கு அச்சு இயந்திரம் தேவைப்பட்டது. லண்டனிலிருந்து ஒரு சங்கத்தார் அனுப்பினார்கள். கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மடக்கினார்கள். மீண்டு வரும் வழியில் கூடவந்த அச்சுக்காரர் இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் மட்டும் தனியாகத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. ஓட்ட ஆளில்லை. கோட்டைக் காவல் படையில் விசாரித்ததில் அச்சு வேலை தெரிந்த சிப்பாய் ஒருவர் அகப்பட்டார். ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளோ ஆளுயரத்துக்கு இருந்தன (கொஞ்சம் மிகைதான்). அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதத்துக்கே மிஷனை விற்கவேண்டும். சின்ன எழுத்து வார்க்க ஈயம் எங்கே? அதே லண்டன் சங்கத்தார் ‘பாவம், சாப்பிடட்டும்’ என்று செஷயர் சீஸ் அனுப்பியிருந்தார்கள். சீஸைத் தின்றுவிட்டு, அது வந்த டப்பாவை உருக்கி எழுத்து வார்த்தார்கள். காகிதமும் போதவில்லை என்று பக்கத்திலேயே பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் வைத்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இதில் ஆன்மிகம் எங்கே, தட்டுமுட்டுச் சாமான் எங்கே என்று பிரித்துக்காட்ட முடிந்தவர்கள் காட்டட்டும். சீகன்பால்கு செய்த பிரசங்கங்களை இன்று ஓர் ஆராய்ச்சி மாணவர் தூசி தட்டிப் படிப்பார். சீஸ் டப்பாவின் வழிவந்தது, நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தத் தமிழ்ப் பத்திரிகை.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். ஆல்பர்ட் சுவைட்சர் 1913-இல் இன்றைய காபோன் நாட்டின் லாம்பரேனேக்குப் போனபோது, அவருடைய இறையியல் பாரிஸ் மிஷன் சங்கத்துக்கு ஒத்துவரவில்லை. மருத்துவம் பாருங்கள், வாயை மட்டும் திறக்காதீர்கள் என்ற உடன்பாட்டில் அனுப்பினார்கள். முதல் மருத்துவமனை ஒரு பழைய கோழிக்கூடு. ஆக, உலகமே அறிந்த அந்த மிஷன் பணி பிரசங்கம் கூடாது என்ற நிபந்தனையோடு கோழிக்கூட்டில் பிறந்தது. கூரை என்ற விஷயத்தில் நம்மூர் மிஷனரிகளும் சளைத்தவர்கள் அல்லர்: இடையன்குடியில் கால்டுவெல் 1847-இல் தொடங்கிய தேவாலயம் 1880-இல்தான் நிறைவேறியது. முப்பத்துமூன்று வருடம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை நடுவில் 1856-இலேயே எழுதி முடித்துவிட்டார். கொத்தனாரை நம்பியிருக்கும் வேலையைவிட மொழியியல் சுலபம் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

சிங்கப்பூருக்கு வருவோம். பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் 1885-இல் மெதடிஸ்ட் மிஷனரியாக இங்கே வந்தார். சீன வணிகர்களின் வாசற்படியை அவர் மிதித்தது வானியல் பற்றிய ஒரு சொற்பொழிவால். நட்சத்திரத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் நம் பையன்களுக்கு இங்கிலீஷும் சொல்லித்தருவார் என்று அவர்கள் கணக்குப்போட, 1886 மார்ச் 1 அன்று ஏமோய் ஸ்ட்ரீட் கடைவீடு ஒன்றில் 13 பையன்களோடு ஆங்கிலோ-சீனப் பள்ளி பிறந்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் சோஃபியா பிளாக்மோர் ஷார்ட் ஸ்ட்ரீட்டில், மறுபடியும் ஒரு கடைவீட்டில், ஒன்பது இந்தியச் சிறுமிகளோடு தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. இதற்கெல்லாம் பணம்? பனி உறையும் மினசோட்டாவில் மேரி நைண்ட் என்ற அம்மையார், பூமத்தியரேகைப் பக்கத்தில் கண்ணால்கூடப் பார்க்காத ஓர் ஊருக்கு மூவாயிரம் டாலர் தருவதாக வாக்குக்கொடுத்தார். ஆஸ்திரேலிய ஆசிரியை, அமெரிக்கப் பணம், இந்தியப் பிள்ளைகள், கடைவீட்டு வாடகை. இதைச் சமாளித்த பெண்மணிக்கு வேதவசனம் எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கமாட்டேன், வரவு-செலவு தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு கனமான ஆட்சேபம் எழும். பள்ளிக்கூடம் நடத்துவதிலேயே மூழ்கிப்போனால் வந்த காரியம் என்னாவது? இதைக் கேட்டவர் சாதாரண ஆள் அல்லர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியது. அங்கே ஒரு ஏற்பாடு: பையனுக்கு அமெரிக்காவில் யார் பணம் கட்டுகிறாரோ அவர் சொல்லும் பெயரை அவனுக்குச் சூட்டவேண்டும். அதனால்தான் நம் இலக்கிய வரலாற்றில் கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்று பாதி பாஸ்டனும் பாதி பருத்தித்துறையுமாகப் பெயர்கள் நடமாடுகின்றன. இன்றைய நிறுவனங்கள் கட்டடத்துக்கு நன்கொடையாளர் பெயரை வைத்துத் திருப்தி அடைகின்றன. அவர்கள் ஆளுக்கே வைத்தார்கள். பையன்களோ நியூட்டனையும் தர்க்கத்தையும் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்கு நடையைக் கட்டினார்கள். 1855-இல் அந்தக் கேள்வியோடு அமெரிக்காவிலிருந்து வந்த ரூபஸ் ஆண்டர்சன் குழு, செலவையும் சேர்ந்த கிறிஸ்தவர்களையும் தட்டில் வைத்துப் பார்த்தது, செமினரி மூடப்பட்டது. அவருடைய அளவுகோலில் அது தோல்வி. ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து கறோலின் வீசகணிதம் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகக் கறோலும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வந்தார்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவராகி, 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அமெரிக்கப் பாட்டி ஒருத்தி ஆத்துமா ஒன்று மீட்கப்படும் என்று நம்பிச் சேர்த்துவைத்த சில்லறை, செல்லரித்த ஏட்டிலிருந்து கலித்தொகையை மீட்டது. பாட்டிக்கு அது ஏமாற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இல்லை. மூடிய இடத்திலேயே 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்ததைப் பார்த்தால் ஊராருக்கும் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் பக்தியோடு வரும்: எமி கார்மைக்கேல் யாரிடமும் பணம் கேட்டதில்லையே, டோனாவூரில் ஜெபத்தாலேயே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தாரே என்பார்கள். உண்மை, பணம் கேட்பதில்லை என்பது அங்கே விதி. ஆனால் அம்மையார் கேட்கவில்லையே தவிர, எழுதினார்: முப்பதுக்கு மேற்பட்ட புத்தகங்கள். படிக்கிறவர்கள் கேட்காமலே அனுப்பினார்கள். கேட்காமல் வந்த ரூபாயையும் எண்ணித்தான் பெட்டியில் வைக்கவேண்டும், அதை அரிசியாக மாற்றும்போது பேரம் பேசித்தான் ஆகவேண்டும். ஜெபம் பணத்தைக் கொண்டுவரலாம், பற்றுச்சீட்டு எழுதாது.

மூன்றாவது ஆட்சேபத்தைக் கிறிஸ்தவர்களே கொஞ்சம் தயங்கித்தான் சொல்வார்கள்: பன்னிரண்டு சீடர்களில் பணப்பையை வைத்திருந்தவன் யூதாஸ் அல்லவா? கணக்கில் ஈடுபடுகிறவர் கதி அதுதான் என்கிறார்கள். அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம், சிங்கப்பூரிலேயே சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் ஆறு தலைவர்கள் சுமார் 5 கோடி வெள்ளி சபைப் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக 2015-இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஆனால் இரண்டு வழக்கிலும் குற்றம் கணக்குப் பார்த்ததில் இல்லை, ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்காததில் இருக்கிறது. யூதாஸின் பையைப் பேதுரு மாதம் ஒருமுறை எண்ணியிருந்தால் சுவிசேஷம் சற்றுச் சிறியதாக முடிந்திருக்கும். அதே சுவிசேஷக்காரர்கள் அப்பம் ஐந்து, மீன் இரண்டு, சாப்பிட்டவர்கள் ஐயாயிரம், மிஞ்சியது பன்னிரண்டு கூடை என்று சரக்கிருப்பை ஒழுங்காகக் குறித்துவைத்தவர்கள். அற்புதத்துக்கும் வவுச்சர் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேலாங் காடு இல்லையே, இங்கே என்ன கஷ்டம் என்பார் ஒருவர். பாம்பு இல்லை, சரி. நகர மறுசீரமைப்பு ஆணையம் இருக்கிறது. லோரோங் 4-இலிருந்து 22 வரை இருந்த பகுதியை 2015-இல் குடியிருப்பு வகையிலிருந்து வர்த்தக வகைக்கு மாற்றினார்கள். கடைவீட்டு மாடியில் பாட்டுப் பாடலாமா, எத்தனை சதுர மீட்டரில் பாடலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. லிட்டில் இந்தியா கலவரத்தின் பின்விளைவாக, அதே 2015-இல் வந்த சட்டப்படி கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம். இதற்கு நடுவில்தான் வெளிநாட்டு ஊழியர்களுக்காக 2006-இல் கிறிஸ்தவர்கள் சிலர் தொடங்கிய ஹெல்த்சர்வ் அமைப்பு, கேலாங்கில் மருந்தகம் வைத்து அடிபட்ட கையையும் நின்றுபோன சம்பளத்தையும் கவனித்தது. அங்கே ஒரு தொழிலாளிக்கு முதலில் வேண்டியது வேத விளக்கம் அல்ல, எக்ஸ்ரே.

ஞாயிறு மதியம் ஒரு கடைவீட்டு மாடியில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பும் சாப்பாடும் என்று அறிவித்துப் பாருங்கள். வகுப்புக்கு நாற்பது பேர் பெயர் கொடுப்பார்கள். பதினைந்து பேர் வருவார்கள். சாப்பாட்டுக்குத் தொண்ணூறு. பங்களாதேஷ் தம்பிகளுக்கு ஹலால் வேண்டும். தமிழ்நாட்டுத் தம்பிகளுக்கு மாட்டிறைச்சி கூடாது. சனிக்கிழமை சைவக்காரர் ஞாயிற்றுக்கிழமை கோழிக்குத் திரும்பிவிடுவார், ஐயப்பனுக்கு மாலை போட்டவர் திரும்பமாட்டார். புரட்டாசி பிறந்துவிட்டால் முப்பது சிக்கன் பாக்கெட் அநாதையாகும், நோன்பு மாதம் வந்தால் மொத்தச் சாப்பாடும் சூரியன் மறையும்வரை காத்திருக்கும். ஆகவே கேலாங்கில் ஊழியம் செய்கிற கிறிஸ்தவர், சாப்பாட்டுக் கடைக்காரருக்குப் போன் போடும் முன் இந்துப் பஞ்சாங்கத்தையும் பிறை பார்த்த செய்தியையும் சரிபார்த்துவிடுகிறார். சர்வசமய உரையாடல் என்று மாநாடு போட்டு, ஹோட்டலில் தேநீர் குடித்துச் சாதிக்க நினைப்பதை இவர் ஒரு பிரியாணி ஆர்டரில் முடித்துவிடுகிறார், அதுவும் மாதம் தவறாமல்.

எனவே இறையியல் கல்லூரிகளுக்கு ஒரு யோசனை. கிரேக்கமும் எபிரேயமும் இருக்கட்டும், யாருக்கும் தொந்தரவில்லை. கூடவே ஒரு தாள் சேருங்கள், கட்டாயப் பாடமாக. மாதிரி வினாக்கள்: உங்கள் மடலில் ‘கழிவுநீர்க் குழாய் அடைப்பு’ என்பதை நன்கொடையாளர் மனம் உருகும்படி எழுதுக. சீஸ் டப்பா ஒன்று தரப்பட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? புரட்டாசி மூன்றாவது ஞாயிறு, நோன்பு இல்லை, மழை வரலாம், பெயர் கொடுத்தவர்கள் நாற்பது: சிக்கன் எத்தனை, சைவம் எத்தனை, காரணம் கூறுக. கால்குலேட்டருக்கு அனுமதி உண்டு. ஜெபத்துக்கும் உண்டு, ஆனால் சத்தமில்லாமல். கீழ்த்தளத்து டுரியான் கடைக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை புகார் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்க.