டம்ளருக்கு எத்தனை கிராம்?

வாங்குவது கிலோவில், சமைப்பது டம்ளரில். இதுதான் நம் குடும்பப் பொருளாதாரம். 1956-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டம் வந்து வீசையையும் பலத்தையும் கடைத்தெருவை விட்டே விரட்டியது. ஆனால் அடுப்படி வாசலைத் தாண்ட அதற்குத் தைரியம் வரவில்லை. உள்ளே இன்னமும் ஆழாக்கு ஆட்சிதான்.

மெல்போர்னில் இருக்கும் மகள் போனில் கேட்டாள்: "அப்பா, அம்மா எல்லாத்தையும் நம்ம வீட்டு டம்ளர்ல சொல்றா. அது எத்தனை கிராம்?"

படித்தவன் நான் எதற்கு இருக்கிறேன்? எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிவந்தேன். டம்ளர் நிறையத் தண்ணீர்: 240 கிராம். அதே டம்ளரில் சர்க்கரை: 200. மைதாவைக் கரண்டியால் மெள்ள அள்ளிப் போட்டால் 125. டம்ளரைத் தரையில் நாலு தட்டுத் தட்டினேன். மாவு சரசரவென்று இறங்கி, மேலே ஒரு விரற்கடை இடம் விட்டது. அதையும் நிரப்பினால் 150! காற்றுக்கும் சேர்த்துத்தான் இத்தனை நாள் கணக்கு எழுதியிருக்கிறோம்.

"சலிச்ச மாவா, அமுக்கின மாவான்னு முதல்ல கேக்கணும்" என்றாள் மனைவி, தராசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மகளிடம், "பேசாமல் கப்பில் அளந்துவிடு" என்றேன். அதிலும் வில்லங்கம். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180. மேசைக்கரண்டி மற்ற ஊர்களில் 15 மில்லி என்றால் ஆஸ்திரேலியாவில் 20.

1896-இல் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் எழுதிய சமையல் புத்தகம், எதையும் தலைதட்டி அளக்கச் சொல்லிப் புகழ் பெற்றது. என் மனைவியின் சட்டம் அதைவிட நுட்பமானது: இட்லிக்கு அரிசி தலைதட்டி நாலு, உளுந்து கோபுரமாக ஒன்று.

கடைசியில் போனை அவளே வாங்கிக்கொண்டாள். "ஏண்டி, கேக்குக்குத்தான் கிராம் வேணும். முட்டை ஊருக்கு ஊர் டம்ளருக்குத் தக்கபடி பெருக்குமா? இட்லிக்கு என்ன? நாலுக்கு ஒண்ணு. எதுல அளந்தாலும் ஒரே பாத்திரத்துல அளந்தாப் போதும்."

"காபி மக்ல அளக்கலாமாம்மா?"

"பக்கெட்லகூட அள. திங்கறதுக்கு ஆள் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோ."

தராசில் இப்போது பார்சல் எடை பார்க்கிறேன். மகளுக்கு இட்லிப் பொடி அனுப்ப வேண்டும். கூரியர்காரருக்கு டம்ளர் கணக்கு புரியாது.