மற்றவை வழக்கப்படி

1610-ஆம் ஆண்டு கலிலியோ தன் தொலைநோக்கியைச் சனிக் கோளின் பக்கம் திருப்பினார். ஏதோ விசித்திரமாகத் தெரிந்தது. இன்றைய ஆராய்ச்சியாளர் என்றால் பேப்பரை இணையத்தில் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிடவே போயிருப்பார். கலிலியோவுக்கு இரண்டு கவலை. கண்டுபிடித்தது தான்தான் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். என்ன கண்டுபிடித்தோம் என்பது மட்டும் தெரிந்துவிடக் கூடாது. ஆகவே லத்தீனில் ஒரு வாக்கியம் எழுதி, அதன் 37 எழுத்துகளையும் குலுக்கிப்போட்டு, பிராகில் இருந்த வானியலாளர் கெப்ளருக்குப் போய்ச் சேரும்படி அனுப்பிவைத்தார். பேருந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலைதான்.

கெப்ளர் அப்பாவி. இருக்கிற வேலையை விட்டுவிட்டு எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார். கடைசியில் ஒரு மாதிரியான லத்தீன் அகப்பட்டது: செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள்! கலிலியோ எழுதியிருந்ததோ, சனிக் கோள் மூன்று உருண்டைகளாகத் தெரிகிறது என்று. அதுவும் தப்பு, அவர் பார்த்தது வளையத்தை. இதில் கூத்து என்னவென்றால், 1877-இல் செவ்வாய்க்கு நிஜமாகவே இரண்டு நிலவுகள் இருப்பது தெரியவந்தது. தப்பான முடிவைத் தப்பாகப் படித்துச் சரியான விடைக்குப் போய்ச் சேர்ந்த சாதனை அது. முறியடிப்பது கஷ்டம்.

இந்தக் குலுக்கல் பழக்கம் சீக்கிரம் ஒழியவில்லை. சுருள்வில்லின் விதியைக் கண்ட ராபர்ட் ஹூக், 1676-இல் அதை அகர வரிசையில் அடுக்கிய வெறும் எழுத்துகளாக அச்சிட்டார். நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்று அவர் வாயைத் திறக்க 1678 ஆயிற்று. இன்று பள்ளிக்கூடப் பையன் ஒரு மார்க்குக்கு எழுதும் சமாசாரம், இரண்டு வருஷம் தங்கமலை ரகசியமாக இருந்திருக்கிறது.

இத்தனைக்கும் ஹூக் இளவயதில் வேலை பார்த்தது ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானியிடம். பாயில் துரை இதற்கு நேர் எதிர். பெரும்பாலும் எதையும் மறைக்காதவர், சுருக்கவும் தெரியாதவர். 1659-இல் ஹூக் அவருக்கு ஒரு காற்றுப் பம்பு செய்து கொடுத்தார். கண்ணாடிக் குடுவைக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் யந்திரம். அதை வைத்து என்னென்ன செய்தோம் என்று அடுத்த வருஷம் பாயில் ஒரு புத்தகமே போட்டார், அண்ணன் மகனுக்கு எழுதிய கடிதம் என்ற பெயரில். அந்தப் பிள்ளை முழுக்கப் படித்தானா என்பது வேறு விஷயம். பம்பின் தண்டு, வால்வு, எங்கே எண்ணெய் விட்டோம், எங்கே ஒழுகியது, எது சொதப்பியது என்று ஒன்றையும் விடவில்லை. படிக்கிறவர் சிரமமில்லாமல் தானே செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை நீட்டல் என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். 1661-இல், சோதனைகள் ஏன் ஊற்றிக்கொள்கின்றன என்று தனியாக இரண்டு கட்டுரை எழுதினார். இன்று அந்த இரண்டையும் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினால், 'முடிவு எங்கே?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, இவ்வளவு விலாவாரியாக எழுதினாரே, படித்துவிட்டு யாராவது பம்பு செய்தார்களா? அதுதான் இல்லை. செய்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே ஒரு பம்பை நேரில் பார்த்தவர்கள், அல்லது பார்த்தவர்களைப் பிடித்து வைத்திருந்தவர்கள். ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ் லண்டனில் பார்த்துவிட்டுப் போய்த்தான் சொந்தமாக ஒன்று செய்தார். செய்தவர் சும்மா இருந்தாரா? காற்று நீக்கிய தண்ணீரை அதில் வைத்தால், கீழே இறங்க வேண்டிய தண்ணீர் இறங்காமல் அடம்பிடிக்கிறது என்று எழுதினார். லண்டன்காரர்கள் யோசிக்கவேயில்லை: உங்கள் பம்பு ஒழுகுகிறது. 1663-இல் ஹைகன்ஸ் நேரில் வந்து நின்ற பிறகுதான் லண்டன் பம்பிலும் தண்ணீர் அடம்பிடித்தது. 'என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே' என்ற புகழ்பெற்ற வாதம், கம்ப்யூட்டர் வருவதற்குக் கிட்டத்தட்ட 300 வருஷம் முன்பே வந்துவிட்டது.

அந்த 300 வருஷத்தைத் தாவிவிடலாம். ஸ்டான்ஃபோர்டில் ஜான் கிளேர்பவுட் என்ற புவியியற்பியல் பேராசிரியர். பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கணினியில் படமாக்குவது அவர் குழுவின் தொழில். அங்கே ஒரு நித்தியப் பிரச்சினை: சீனியர் பட்டம் வாங்கிக்கொண்டு போனதும், அவர் போட்ட படத்தை ஜூனியரால் மறுபடி வரவழைக்க முடியாது. 1990 வாக்கில் கிளேர்பவுட் ஒரு கொடூரமான ஏற்பாடு செய்தார். ஒரு கட்டளை: 'எரி'. கட்டுரையிலுள்ள கணக்கிட்ட படங்கள் எல்லாம் அழிந்துவிடும். அடுத்த கட்டளை: 'கட்டு'. தரவிலிருந்தும் நிரலிலிருந்தும் அத்தனை படமும் மறுபடி முளைக்க வேண்டும். முளைக்குமா முளைக்காதா, எந்த ரகம் என்று ஒவ்வொரு படத்தின் அடியிலேயும் போட்டுவிடுவார்கள். அச்சில் வரும் கட்டுரை வெறும் விளம்பரம், நிரலும் தரவும்தான் சரக்கு என்பது அவர் கட்சி. எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள். எரிக்கத்தான் ஆள் இல்லை.

இதற்குச் சாட்சி அரிசோனா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் கோல்பெர்க். ஒரு பேப்பரின் நிரலைக் கேட்டு எழுதினார், கிடைக்கவில்லை. மனிதர் விடவில்லை. அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெறும் சட்டத்தில் மனுப் போட்டார். தேடி எடுத்துத் தர 2,200 டாலருக்கு மேல் ஆகும் என்று பேப்பர் எழுதியவர்களின் பல்கலைக்கழகம் மதிப்பீடு அனுப்பியது. கோபத்தில் சிலர் கவிதை எழுதுவார்கள்; இவர் தன் குழுவோடு 601 கணினிக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டார். நிரலை நம்பி எழுதியவை 402. அவற்றில் அரை மணி நேரத்துக்குள் கம்பைல் ஆனவை மூன்றில் ஒரு பங்குதான். விடை சரியா என்ற பேச்சே இல்லை. கம்பைல் ஆகுமா என்பது மட்டும்தான் பரீட்சை.

நிரல் கேட்டவர்களுக்கு வந்த பதில்களை ஒரு தொகுப்பாகவே போடலாம். எழுதிய மாணவர் போய்விட்டார். வெளியே காட்டுவதற்காக எழுதியதில்லை. வட்டுகள் மூன்று ஒரே சமயத்தில் பழுதாகிவிட்டன. எனக்குப் பிடித்தது, நிரலை மறுக்காமல் அனுப்பிவைத்தவரின் பதில்: பேப்பரில் பயன்படுத்தியது இதுதானா என்று நிச்சயமில்லை, ஆனால் குறைந்தது 99 சதவீதம் அதை ஒத்திருக்கும்.

இதைப் படித்து இயற்பியல்காரர்கள் சிரிக்க வேண்டாம். நீலமணிப் படிகத்தைத் தட்டிவிட்டால் அதிர்வு அடங்க வெகுநேரம் பிடிக்கும் என்று மாஸ்கோ குழு ஒன்று அளந்து சொல்லியிருந்தது. ஈர்ப்பலையைப் பிடிக்கும் கருவிகளுக்கு வேண்டிய சமாசாரம். மேற்கே சுமார் 20 வருஷம் யாருக்கும் அந்த எண் வரவில்லை. கடைசியில் மாஸ்கோக்காரர் ஒருவர் கிளாஸ்கோ ஆய்வகத்துக்கு வந்து செய்து காட்டியபின், 1999-இல்தான் வந்தது. கூடவே இருந்து கவனித்த சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். படிகத்தைத் தொங்கவிடும் நூலுக்குக் கொஞ்சம் எண்ணெய்ப் பசை வேண்டும். பன்றிக் கொழுப்புத் தடவலாம். வந்தவருக்குப் பிடித்த முறை வேறு: நூலை மூக்குத் தண்டின் மேலோ காதுக்குப் பின்னாலோ ஓர் இழுப்பு. கிளாஸ்கோக்காரர்கள் காதுக்கே ஓட்டுப் போட்டார்கள். அதிலும் எல்லார் காதும் உதவவில்லை. சிலருடைய எண்ணெய் அருமை, சிலருடையது நாளுக்கு ஒரு மாதிரி, சிலருக்குச் சருமம் வறண்டு பிரயோஜனமேயில்லை. ஆகவே எந்தச் சோதனையில் நூலுக்கு யாருடைய எண்ணெய் என்பதையும் ஆய்வகக் குறிப்பேட்டில் குறித்து வைத்தார்கள். பாயில் துரை இருந்திருந்தால், அந்தக் காதைப் பற்றி மட்டும் அண்ணன் மகனுக்கு 40 பக்கம் எழுதியிருப்பார்.