ஒரு பிக்சல் ஒற்றன்

மேல்மலையனூரில் அமாவாசை இரவு. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூட்டம் நெரிகிறது. அந்த நெரிசலிலும் தள்ளுபடி மெயிலைத் திறப்பவர் உண்டு. எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது கடைக்காரருக்குப் போய்விடும். உபயம்: மெயிலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பிக்சல் படம். அது கடைக்காரரின் சர்வரிலிருந்து இறங்கியதுமே சேதி போய்விடும். நமக்கு அதைத் தெரியாது. அதற்கு நம்மைத் தெரியும்.

2013 டிசம்பரில் படங்களைத் தானாகக் காட்டத் தொடங்கிய ஜிமெயில், அவற்றைத் தன் சர்வர் வழியாகவே தருகிறது. நம் ஐ.பி. முகவரி மறையும், திறந்த சேதி மறையாது. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த பாதுகாப்போ, நாம் திறக்காத மெயிலின் படத்தையும் முன்கூட்டியே இறக்கிவிடும். படிக்காதவருக்கும் பாஸ் மார்க்!

ஜிமெயில் செட்டிங்ஸில், வெளிப்படங்களைக் காட்டும்முன் கேட்கச் சொல்லிவிட்டால் ஒற்றன் வாசலிலேயே நிற்பான். கடைக்காரர் என்ன செய்வார்? பார்க்கவில்லை போலும் என்று இன்னும் நாலு மெயில் அனுப்புவார்.