நீலக் காப்பாளர்: ஓர் இனவரைவு

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில், தரமணி முதல் சிறுசேரி வரை எழும்பி நிற்கும் கண்ணாடிச் சுவர்க் கட்டடங்களுக்குள் பணிபுரியும் மக்களிடையே, பார்வையில் யாதொரு குறையும் இல்லாதபோதும் மூக்குக்கண்ணாடி அணிந்து, முகம் விளக்கை நோக்கித் திரும்பும்போது அக்கண்ணாடி ஊதாவாக மின்னுவதைத் தம் விழிப்புணர்வுக்கான சான்றாகக் கருதும் ஒரு பிரிவினர் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளனர். இவர்களை நீலக் காப்பாளர் எனக் குறிக்கலாம். கணினித் திரையும் கைப்பேசித் திரையும் உமிழும் நீல ஒளி கண்ணைக் களைப்பாக்கி உறக்கத்தைக் கெடுக்கிறது என்பது இவர்களுடைய மூலக் கொள்கை. கடைகளில் ‘ப்ளூ கட்’ என வழங்கும் வில்லை அவ்வொளியை வாசலிலேயே மறித்துவிடும் என்பது அதன் துணைக் கொள்கை. மறித்தாகிவிட்டபடியால் இனி எந்நேரமும் எவ்வளவு நேரமும் திரையைப் பார்க்கலாம் என்பது எவரும் வாய்விட்டுச் சொல்லாததும் எல்லாரும் தவறாமல் கடைப்பிடிப்பதுமான நடைமுறை.

இப்பிரிவில் ஒருவர் தீட்சை பெறுவது கண்ணாடிக் கடையில். தலைவலி என்றோ, கண் எரிச்சல் என்றோ, பக்கத்து இருக்கைக்காரர் வாங்கிவிட்டார் என்றோ கடைக்குள் நுழையும் இளைஞரின் முன் விற்பனையாளர் பேனா அளவிலான ஒரு விளக்கையும் ஒரு வெள்ளை அட்டையையும் எடுத்து வைக்கிறார். விளக்கின் கதிர் சாதாரண வில்லையைக் கடந்து அட்டையில் விழுந்தால் விழுந்த இடம் நிறம் மாறுகிறது; ‘ப்ளூ கட்’ வில்லையைக் குறுக்கே பிடித்தால் அட்டை வெளுத்தபடியே இருக்கிறது. “பாத்தீங்களா சார், ஒரு பொட்டுகூட உள்ள போகல” என்று விற்பனையாளர் சொல்லி முடிக்கும் முன்பே வாடிக்கையாளரின் கை பணம் செலுத்தும் செயலியைத் தேடத் தொடங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் செய்முறைத் தேர்வை நண்பனின் குறிப்பேட்டைப் பார்த்தே முடித்த ஒருவர், வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் அறிவியல் சோதனையைக் கண்ணாரக் கண்டு அதன் முடிவை ஐயமின்றி ஏற்கும் தருணம் அது.

அச்சோதனையில் பொய்யில்லை, வேறொன்று இருக்கிறது. ஒளியின் நிறம் அதன் அலைநீளத்தைப் பொறுத்தது. அலைநீளம் நானோமீட்டர் என்னும் அலகால், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறால், அளக்கப்படுகிறது. நீலம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஏறத்தாழ 400 முதல் 500 வரையிலான பகுதி. கடைப் பேனா உமிழ்வது பெரும்பாலும் 405 நானோமீட்டர் அளவிலான ஊதாக் கதிர். திரைகளின் நீலம் உச்சம் கொள்வதோ 450-ஐ ஒட்டிய பகுதியில். பேனாவின் கதிரை முழுதாக விழுங்கும் வில்லை திரையின் நீலத்தையும் அவ்வாறே விழுங்கும் எனக் கொள்வது, பூனை நுழைய முடியாத சன்னல் கம்பிக்குள் கொசுவும் நுழையாது என்று நம்பிப் படுப்பதற்கு ஒப்பாகும். நிறமற்றுத் தெளிவாகத் தோன்றும் இவ்வகை வில்லைகள் நீல ஒளியில் ஏறத்தாழ 10 முதல் 25 விழுக்காட்டை மட்டுமே தடுக்கின்றன. எஞ்சிய பெரும்பங்கு எந்தச் சோதனைக்கும் ஆட்படாமல் உள்ளே வந்து அமர்ந்துகொள்கிறது.

எனினும் நீலக் காப்பாளரின் மூலக் கொள்கை வெறும் கட்டுக்கதை அன்று என்பதை நியாயம் கருதிச் சொல்லியாக வேண்டும். விழித்திரையில் உருவங்களையும் நிறங்களையும் உணரும் செல்கள் அல்லாமல், பொழுதை உணர்வதற்கென்றே வேறு சில நரம்புச் செல்களும் உள்ளன என்பது இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உறுதிப்பட்டது. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்னும் நிறமி 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு மிகுதியாகத் துலங்குகிறது. அத்தகைய ஒளி பட்டால் அச்செல்கள் மூளையின் உடற்கடிகாரத்துக்குப் ‘பகல்’ எனத் தெரிவிக்கின்றன. கடிகாரம், இரவின் வரவை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்ற இயக்குநீரைச் சுரக்கும் கூம்புச் சுரப்பியைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்கிறது. பல திரைகளுக்கு ஒளியூட்டும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு என்பதும் உண்மையில் நீல விளக்கின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு ஒன்றை இட்டுப் பெற்ற வெண்மையே. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீலக் காப்பாளரின் பார்வையில், எதிரிக்குச் சுவீடன் அரசரே மாலை மரியாதை செய்த ஆண்டு அது.

அதே ஆண்டின் இறுதியில் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். 12 பேர், உறங்கப் போகும் முன் நான்கு மணி நேரம் வீதம், ஐந்து இரவுகள் ஒளிரும் திரையிலும் வேறு ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் படித்தனர். திரையில் படித்த இரவுகளில் அவர்கள் கண்ணயர ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதலாயிற்று. நீலக் காப்பாளர் இவ்வாய்வை உணவு இடைவேளையில் அடிக்கடி எடுத்துரைப்பார். நிமிடக் கணக்கை மட்டும் சொல்லமாட்டார். ஏனெனில் ஒளி திருடிக்கொண்டது 10 நிமிடம் என்றால், இரவு பதினொன்றுக்குத் தொடங்கி ஒரு சமையல் காணொளி, ஓர் அரசியல் சண்டை, யாரோ ஒருவர் கிணறு தூர்வாரும் காட்சி, அதன் கீழுள்ள கருத்துப்போர் என்று விரலால் தள்ளித் தள்ளி அவர் தாமாகவே கொடுத்துவிடும் இரண்டு மணி நேரத்துக்கு எந்த நிற ஒளியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. “ஏம்ப்பா, அந்த போனத்தான் கீழ வையேன், மணி என்ன ஆகுது பாரு” என்று தாயார் அறை வாயிலில் நின்று கேட்கும்போது, “கண்ணாடி போட்டிருக்கேன்லம்மா” என்ற விடை வருகிறது. பல்லவர் காலச் செப்பேட்டைக் காட்டி நிலவரி விலக்குக் கேட்பவரின் தொனி அதில் இருக்கும். கண்ணாடிக் கடையில் அவர் வாங்கியது வில்லையாகத் தோன்றினும், விலைக்குப் பெற்றது இந்த விலக்கைத்தான்.

கண் களைப்பைப் பொறுத்தவரை ஆய்வுலகம் இன்னும் கறாராகவே பேசியிருக்கிறது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 17 சோதனைகளை அலசியபின், திரைவேலையால் வரும் கண் களைப்பைக் குறுகிய காலத்தில் குறைப்பதில் இவ்வில்லைகள் சாதாரண வில்லைகளைவிட மேலானவை எனக் காட்டச் சான்றில்லை என்றது. உறக்கம் பற்றிய முடிவுகளோ ஒன்றுக்கொன்று இசையவில்லை. கணினிக்கென்று தனிக் கண்ணாடி தேவையென அமெரிக்கக் கண்மருத்துவக் கழகம் பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில் நீல ஒளியின் தீங்கைப் பெரிதுபடுத்தி விளம்பரம் செய்த ஒரு பெரிய கண்ணாடி விற்பனை நிறுவனத்துக்கு அத்தொழிலின் ஒழுங்காற்று அமைப்பு 2017-இல் 40,000 பவுண்டு தண்டம் விதித்தது. இவற்றையெல்லாம் அடுக்கினாலும் நீலக் காப்பாளர் அசைவதில்லை. “எனக்கு நல்லா இருக்குங்க, அவ்வளவுதான்” என்பார். நல்லா இருக்கிறது என்பதும் உண்மையாக இருக்கலாம். விலை கொடுத்து வாங்கிய நிம்மதி கண்ணுக்கும் கொஞ்சம் பரவத்தான் செய்யும்.

கண் ஏன் எரிகிறது என்பதற்கான விடை அவ்வளவு மினுமினுப்பானதன்று. இயல்பாக நிமிடத்துக்கு 15 முறை அளவில் இமைக்கும் மனிதர் திரையில் ஆழ்ந்தால் ஐந்தாறு முறையே இமைக்கிறார். இமை ஈரத்தைப் பூசாததால், அதிலும் தலைக்கு நேர்மேலே குளிர்சாதனக் காற்றுவாய் அமைந்துவிட்டால், கண் காய்ந்து உறுத்துகிறது. அருகிலேயே நிலைகுத்திய பார்வையால் கண்ணின் குவியத்தசையும் இளைப்பாற வழியின்றிக் கிடக்கிறது. இதற்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடித் தொலைவிலுள்ள ஒன்றை 20 நொடி பார்க்க வேண்டும் என்ற எளிய விதியை மருத்துவர்கள் சொல்வதுண்டு. நீலக் காப்பாளரும் இதை முயன்று பார்த்தவரே. அவர் இருக்கையிலிருந்து சரியாக 20 அடித் தொலைவில் அமைந்திருந்தது மேலாளரின் அறை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை தம்மை உற்று நோக்கும் ஊழியரை ஒரு வாரம் பொறுத்த மேலாளர், சம்பள உயர்வு குறித்து ஏதேனும் பேச வேண்டுமா என்று கேட்டுவைக்க, விதி அன்றோடு கைவிடப்பட்டது. கண்ணாடிக்கு இத்தகைய சமூகச் சிக்கல் எதுவும் இல்லை என்பது அதன் செல்வாக்குக்கான காரணங்களுள் ஒன்று.

வீட்டுக்குள் நிலைமை வேறு. வரன் பார்க்கும் பருவத்தில் இக்கண்ணாடி ஒரு குடும்ப நெருக்கடியாகவே உருவெடுக்கிறது. சாதகத்தோடு அனுப்பப்பட்ட நிழற்படத்தை உற்றுப் பார்த்த பெண் வீட்டார், “பையனுக்குக் கண்ணு பவருங்களா?” என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். “ஐயோ, இல்லீங்க சம்பந்தி, அது சும்மா கம்ப்யூட்டர் கண்ணாடி, ஜீரோ பவர்” என்று, இன்னும் சம்பந்தி ஆகாதவரிடம் பையனின் தாயார் பதறி விளக்குகிறார். ஜீரோ பவர் என்பது பார்வையைத் திருத்தும் வளைவு எதுவும் இல்லாத வில்லை. குறையே இல்லாத கண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று மறுமுனை கேட்க, தாயாரிடம் விடை இருப்பதில்லை. அன்றிரவு அது மகனிடம் ஓர் உரத்த வினாவாகப் போய்ச் சேர்கிறது. சில வீடுகளில் இதை முடிவுகட்டுவதற்காகவே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படும் பையனுக்கு, எழுத்துகளைச் சற்றே இழுத்துக் காட்டும் சிதறல் பார்வை உண்மையிலேயே இருப்பதும், தலைவலிக்கெல்லாம் காரணம் அதுவே என்பதும் தெரியவருகின்றன. தேவைப்பட்ட கண்ணாடியைத் தேவைப்படாத கண்ணாடி இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது என்பதைத் தாயார் பெண் வீட்டாருக்குச் சொல்வதில்லை.

இவ்வகை மறைப்பில் கைதேர்ந்தவர்கள் நாற்பதைக் கடந்த மேலாளர்கள். விழிவில்லையின் நெகிழ்ச்சி வயதோடு குறைவதால் அருகிலுள்ள எழுத்து மங்கும் நிலைக்கு வெள்ளெழுத்து என்று பெயர். அதற்குப் படிப்புக் கண்ணாடி அணிவதென்பது, குழுவில் அனைவரிடமும் தம்மைப் பெயர் சொல்லியே அழைக்கச் சொல்லி இளமை காத்துவரும் ஒருவர் எளிதில் செய்துகொள்ளும் சமரசம் அன்று. ஆகவே அவர் கடைக்குச் சென்று, “ப்ளூ கட் ஒண்ணு வேணும்” என்று உரக்கவும், “அதுலயே ஒண்ணேகால் பவர் போட்டுருங்க” என்று மெதுவாகவும் கேட்டு வாங்கிவருகிறார். மூப்பு, நவீன விழிப்புணர்வின் ஊதா மினுக்கத்தோடு அலுவலகத்துக்குள் நுழைகிறது. நீலக் காப்பாளர் யாவருள்ளும் தாம் கொடுத்த காசுக்கு முழுப் பயன் பெற்றவர் இவர் ஒருவரே எனலாம்.

நீல ஒளியை மெய்யாகவே பெருமளவு தடுக்கும் கண்ணாடியும் இல்லாமல் இல்லை. அது தேன் நிறத்தில், அதாவது அழுத்தமான செம்மஞ்சளாக இருக்கும். படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து அதை அணிந்த உறக்கமின்மையாளர் சிலருக்குப் பயன் கிடைத்ததாகச் சிறிய சோதனைகள் உண்டு. ஆனால் நீலக் காப்பாளர் அதைத் தொடுவதில்லை. அணிந்தால் வெள்ளைச் சட்டை இளநீர்ப் பாயசத்தின் நிறத்திலன்றிப் பருப்புப் பாயசத்தின் நிறத்தில் தெரிகிறது. நியூயார்க்கில் காலை பத்து மணிக்குத் தொடங்கும் கூட்டத்தில் சென்னையிலிருந்து இரவு காணொளி வழியே கலந்துகொள்ளும்போது, எதிர்முனையில் இருப்பவர் கண்வலியா என்று பரிவோடு விசாரிக்கிறார். வேலை செய்யும் கண்ணாடி அழகாக இல்லை, அழகான கண்ணாடி வேலை செய்யவில்லை என்னும் நிலையில் அவர் எதைத் தேர்ந்தார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவருடைய ஒருநாள் ஒழுங்கைக் கூர்ந்து கவனிப்பவருக்கு இன்னொரு விந்தை புலப்படும். நண்பகல் வெயில் தரையில் வீழ்த்தும் ஒளி, ஒளிச்செறிவின் அலகான லக்சில் ஓர் இலட்சத்தைத் தொடக்கூடும். கையிலுள்ள கைப்பேசி கண்ணுக்கு அனுப்புவது சில பத்து லக்சு மட்டுமே. வானம் முழுவதும் நீலமாய்ப் பொழியும் அந்த வெயிலில் அவர் இருசக்கர வண்டியில் சோழிங்கநல்லூர் சந்திப்பைக் கடக்கும்போது, தலைக்கவசத்துக்குள் காம்பு மடங்கிவிடும் என்பதால், கண்ணாடி சட்டைப்பையில் பயணம் செய்கிறது. அலுவலகத்துக்குள், உடற்கடிகாரத்தை விழிப்பாக வைத்திருக்க நீல ஒளி உதவக்கூடிய பகற்பொழுது முழுவதும், அது மூக்கின்மேல் அமர்ந்து கடமையாற்றுகிறது. இரவு உணவுக்குப் பின்னரும், தாயாருக்கு விடை சொல்லும் வரையிலும் அங்கேயே இருக்கிறது. பின்பு விளக்கணைத்து, ஒருக்களித்துப் படுத்து, இருட்டில் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடிக்கும்போதுதான், காம்பு தலையணைக்கும் காதுக்கும் நடுவில் சிக்கி அழுத்துகிறது. கண்ணாடி கழற்றப்பட்டு மேசைக்குப் போகிறது. படுத்தபடி அணிந்தாலும் காதை உறுத்தாத மென்மையான காம்புடைய ‘ப்ளூ கட்’ சட்டகம் எந்தக் கடையில் கிடைக்கும், அதற்குத் தள்ளுபடி உண்டா, வாங்கியவர்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் வெறும் கண்ணோடு தேடி முடிக்கும்போது மணி ஒன்றரை.