சேர்வராயன் மலையும் மரியோவின் திணையும்

1985 செப்டம்பர் 13 அன்று நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ என்னும் வீடியோ கேமைப் பற்றி உலகத்தார் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆக்கியோன் ஷிகேரு மியாமோட்டோ, துணைநின்றவர் தகாஷி தெசுகா, இசை கோஜி கோண்டோ, நூலின் அளவு 40 கிலோபைட், விற்ற படிகள் நான்கு கோடிக்கும் மேல். இவற்றில் எதிலும் ஐயமில்லை. ஐயம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் மட்டும் யாருக்கும் ஐயம் எழவில்லை: அந்த விளையாட்டின் திணை என்ன? ஒருவன் இடமிருந்து வலமாக, குன்றும் புதரும் மேகமும் கடந்து, ஒரு பெண்ணைத் தேடி ஓடிக்கொண்டே இருக்கிறான். முதல் கட்டத்தின் பின்னணியிலேயே மலை தெரிகிறது. இத்தனை வெளிப்படையான சான்று இருந்தும் முதல், கரு, உரி என்று பகுத்துப் பார்க்க ஒரு தமிழாசிரியர்கூட முன்வராதது நம் புலமை உலகின் பெருங்குறை. இக்கட்டுரையின் துணிபு இதுதான்: இவ்விளையாட்டின் திணை குறிஞ்சி, நிலம் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலை, இன்னும் நுணுக்கிச் சொன்னால், ஏற்காடு. மியாமோட்டோ ஏற்காட்டுக்கு வந்திருக்கிறாரா என்று கேட்பவர்களுக்கு ஒரே விடை: திணை வகுக்கிறவர்கள் புலவரின் பஸ் டிக்கெட்டைச் சோதிப்பதில்லை.

முதற்பொருளாகிய நிலத்திலிருந்து தொடங்கலாம். விளையாட்டில் எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு கட்டங்கள், ஆக 32. ஏற்காடு ஏரியில் தொடங்கி மலைமேலுள்ள ஊர்களையும் காபித் தோட்டங்களையும் சுற்றி மீண்டும் ஏரிக்கே வந்து சேரும் சுற்றுச்சாலையின் நீளம் 32 கிலோமீட்டர். தற்செயல் என்று சொல்லி இதைத் தள்ளலாம். ஆனால் இதைவிட மெலிந்த சான்றுகளை வைத்துக்கொண்டு குமரிக்கண்டத்தின் எல்லையையே வரைந்தவர்கள் நாம். சரி, சேலத்திலிருந்து மேலேறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றனவே, மரியோ ஓடுவதோ நேர்கோட்டில் அல்லவா என்பார்கள். கொண்டை ஊசியை நிமிர்த்தினால் கிடைப்பது கம்பி. பக்கவாட்டில் மட்டுமே திரை நகரும் விளையாட்டில், 256 புள்ளி அகலத்துக்குள் மலைப்பாதையை அடைக்க வேண்டியவர் அதை நிமிர்த்தாமல் வேறென்ன செய்வார்? நிமிர்த்தும்போது இழந்த ஏற்றத்தைக் கட்டத்தின் முடிவில் படிக்கட்டாக அடுக்கி, அதற்கு அப்பால் ஒரு கொடிக்கம்பமும் நட்டுவிட்டார். மேலும், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு வளைவு என்பது வயிற்றுக்குத் தெரியும் செய்தி. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கீழே கிடக்கும் அதே சேலம், மறுபடி அதே சேலம். விளையாட்டிலும் மூன்று திரைக்கு ஒருமுறை அதே குன்று, அதே புதர், அதே மேகம் வரிசை மாறாமல் திரும்ப வருகின்றன.

இந்த நிலத்துக்கு ஒரு விதி உண்டு: வலப்பக்கம் போன திரை இடப்பக்கம் திரும்பாது. விட்டுப்போன நாணயம் போனதுதான். இதை 1985-ஆம் ஆண்டு இயந்திரத்தின் வசதிக்குறைவு என்று நினைப்பவர்கள் மே மாதக் கோடை விழாவின்போது ஏற்காட்டுக்குப் போனதில்லை. நெரிசல் மிகும் அந்நாட்களில், அடிவாரம் வழியாக ஏறிய வண்டிகள் குப்பனூர் வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதை அறிவிப்பு வருவதுண்டு. குழாய்க்குள் இறங்கி உலகங்களைத் தாண்டும் குறுக்குவழிகளுக்கும் இங்கே இணை இருக்கிறது. மலையுச்சியில் சேர்வராயன் கோயில் ஒரு குகைக்குள் அமைந்தது. அக்குகை காவிரி வரை செல்கிறது என்பது மலைமக்கள் நம்பிக்கை. முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில், நிலத்துக்கடியில், சுவருக்கு அப்பால் மறைந்திருக்கும் குழாய்கள் நான்காம் உலகம் வரை கொண்டுபோகின்றன. எது அதிக தூரம் என்பதில் வேண்டுமானால் கருத்து வேறுபாடு இருக்கலாம்.

கருப்பொருளுக்கு வருவோம், ஆய்வுக்குத் தீனி நிறைந்த இடம் இதுதான். விளையாட்டில் புதரும் மேகமும் ஒரே படம். வடிவம் மாறாமல் நிறத்தை மட்டும் மாற்றி, பச்சையென்றால் புதர், வெள்ளையென்றால் மேகம் என்று வைத்திருக்கிறார்கள். நினைவகத்தைச் சிக்கனம் செய்யவே இப்படி என்று பொறியாளர்கள் சொல்வார்கள். காலை ஏழு மணிக்குப் பனிமூட்டத்தில் ஏற்காட்டுக் காபிச் செடியைப் பார்த்த எவருக்கும் அது சிக்கனமாகத் தோன்றாது, நேர்மையான வருணனையாகவே தோன்றும். அந்தக் காபியை 1820-களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்தார். அதற்கு நிழல்தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறுகிறது. மரியோவும் ஒரு செங்கல்லைக் கீழிருந்து முட்டினால் அதிலிருந்து கொடி முளைத்து வானத்துக்கு ஏறுகிறது. அதைப் பற்றி மேலே போனால் மேகத்தின்மேல் வரிசையாகப் பொன். மிளகுக்கொடியின் முடிவில் பொன் இருக்கும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியா? யவனர் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பியதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. மரியோ இத்தாலியர், ஆகவே யவனர். பாடிய புலவர் பெயர் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார். அந்த ஊர்ப்பெயரில் ஏற்காட்டைக் கண்டுபிடிக்கும் ஆசையை இவ்வாய்வாளர் பெரும்பாடுபட்டு அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். யவனர் பொன்னைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், மரியோவோ எடுத்துக்கொண்டு போகிறார் என்பது ஒரு நல்ல தடை. கணக்கு எப்போதாவது நேராக வேண்டாமா என்பது அதற்கு விடை.

குழாயிலிருந்து தலைநீட்டிக் கடிக்கும் செடிக்கு ஏற்காட்டில் என்ன இருக்கிறது? இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இங்குதான் இருக்கிறது. அங்கே பூச்சியுண்ணும் குடுவைச் செடியையும் வளர்க்கிறார்கள். குடுவை என்பது ஒருபக்கம் அடைத்த குழாய். அச்செடி மேகாலயத்துக் காசி மலையிலிருந்து வந்தது, மண்ணின் மரம் அல்ல என்று மறுப்பவர்கள், தேடிவந்த நாயகனும் வெளியூர்க்காரன் என்பதை மறக்கிறார்கள். உணவில்தான் சற்றுத் தடுமாற்றம். குறிஞ்சிக்குத் தேனும் தினையும் சொல்லியிருக்க, மரியோ தின்பதோ காளான். தின்றதும் இரு மடங்காகிறார். அடிவாரத்துச் சேலத்தில் தள்ளுவண்டிக் காளானுக்குக் குறைவில்லை என்றாலும், அதில் பெரும்பகுதி முட்டைக்கோஸ் என்பதை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. முட்டைக்கோஸால் ஒருவர் இரு மடங்காவாரா என்பதை உணவியலாருக்கு விட்டுவிடுகிறேன்.

இவ்விளையாட்டு தமிழ்நாட்டுக்கு வந்த விதமும் துணிபுக்கு வலுச்சேர்க்கிறது. தொண்ணூறுகளில் ‘லிட்டில் மாஸ்டர்’, ‘சாமுராய்’ போன்ற பெயர்கொண்ட பெட்டிகளில், ‘டிவி கேம்’ என்ற பொதுப்பெயரோடு அது வீடுகளுக்குள் நுழைந்தது. ஊதிச் செருகினால்தான் ஓடும் என்று எல்லாரும் நம்பிய கேசட்டின் முகப்பில் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில, வேறுவேறு பெயர்களில். ஏற்காட்டுச் சுற்றுலாக் கையேட்டைப் புரட்டியவர்களுக்கு இந்த உத்தி பழக்கமானது. லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று மூன்று காட்சிமுனைகள் அதில் தனித்தனியே எண்ணப்பட்டிருக்கும். மூன்றிலிருந்தும் தெரிவது சேலம். பனி இறங்கிய நாளில் அதுவும் தெரியாது. அப்போது பக்கத்தில் நிற்பவர் தவறாமல் ஒன்று சொல்வார்: பகோடா பாயிண்டுக்குப் போங்கள், அங்கே நன்றாகத் தெரியும். ஏழு உலகங்களின் ஏழு கோட்டைகளிலும் உயிரைக் கொடுத்துப் போராடி உள்ளே நுழையும் மரியோவிடம், நன்றி கூறிவிட்டு, இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று சொல்லும் அந்தக் காளான்தலையர் இவரேதான்.

இனி மறுப்புகள். மியாமோட்டோ கியோட்டோவுக்கு அருகில் சோனோபேயில் வளர்ந்தவர், சிறுவயதில் விளக்கோடு அங்கே ஒரு குகைக்குள் நுழைந்து பார்த்தவர், எனவே நிலம் ஜப்பான் என்பது ஒன்று. அந்தக் குகை 1986-இல் வந்த ‘செல்டா’ விளையாட்டின் கணக்கில் ஏற்கெனவே பற்று வைக்கப்பட்டுவிட்டது; ஒரே குகையை இரண்டு முறை எழுத முடியாது. உண்மையில் வலிய மறுப்பு உரிப்பொருள்பற்றியது. குறிஞ்சிக்கு உரி புணர்தல். மரியோவின் கதையோ முதல் நொடியிலிருந்து கடைசிக் கோட்டை வரை பிரிவு. போதாக்குறைக்குப் போகிற வழியெல்லாம் பொருள் சேர்க்கிறார். பிரிதலும் பொருள்தேடலும் பாலையின் அடையாளங்கள். இங்கே துணிபு ஆட்டம் காண்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தொல்காப்பியர் நமக்காகவே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்: உரி ஒழிந்த பிற பொருள்கள் ஒரு திணைக்குரியவை இன்னொன்றில் வந்து மயங்கலாம். நிலமும் கருவும் குறிஞ்சியாக இருக்க, ஒழுக்கம் பாலையாக இருப்பதில் இலக்கண வழு இல்லை. இளங்கோவும் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டு அடையும் நிலையாகவே காட்டுகிறார். பாலைக்குரிய பெரும்பொழுது வேனில். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்து ஊருக்குச் சேலத்து மக்கள் திரண்டு ஏறுவது எந்தப் பொழுதில்? மே மாதத்தில். குறிஞ்சி நிலத்தைப் பாலையாக்கி அனுபவிக்கும் இந்த வழக்கத்தை வேறெந்த விளையாட்டு இவ்வளவு நுட்பமாகப் பதிவுசெய்திருக்கிறது? பொருள்தேடலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சங்கத் தலைவன் பொருளுக்காகத் தலைவியின் உயிரைப் பணயம் வைப்பான். மரியோவுக்கு நூறு நாணயம் சேர்ந்தால் கிடைப்பதே ஓர் உயிர். பொருள்வயிற் பிரிவுக்கு இதைவிட ஆறுதலான உரை எழுதப்படவில்லை.

கடைசியாக, சுற்றுச்சாலை கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறது, விளையாட்டு அப்படியல்லவே, எட்டாம் கோட்டையில் இளவரசி கிடைத்ததும் முடிந்துவிடுகிறதே என்பார்கள். முடித்துப் பார்க்காதவர்கள் எழுப்பும் தடை இது. மீட்கப்பட்ட இளவரசி நன்றி சொன்ன கையோடு, உனக்குப் புதிய தேடல் ஒன்று தருகிறோம், பட்டனை அழுத்தி உலகத்தைத் தேர்ந்துகொள் என்கிறாள். மரியோ மீண்டும் முதற்குன்றின் அடியில் நிற்கிறார். முதல் சுற்றில் மிதித்தால் நசுங்கிய எதிரிகள் இப்போது தீயும் துளைக்காத ஓட்டோடு வருகின்றன. செல்லும் தலைவனைத் தோழி தடுப்பதற்கும், அவனே தயங்கி நிற்பதற்கும் அகத்தில் இடமுண்டு. கூடிய மறுகணமே தலைவி தன் வாயால் தலைவனைக் கிளப்பிவிடுவதற்குத் துறை வகுத்தவர் இல்லை. ஆகவே இவ்வாய்வின் பங்களிப்பாகத் துறைக்குறிப்பு ஒன்று எழுதி வைக்கப்படுகிறது: எட்டாம் கோட்டையின்கண் மீட்கப்பட்ட தலைவி, மீட்ட தலைவனை நோக்கி, ‘இன்னும் ஒரு சுற்று போய் வா’ எனக் கூறி விடுத்தது.