அடுப்படியில் ஒரு போர்டு மீட்டிங்

நேற்றுவரை முறுக்குக் கடைக்காரர். இன்று நிர்வாக இயக்குநர். பிரைவேட் லிமிடெட் என்றால் இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். இன்னொருவர் அவர் மனைவி. போர்டு மீட்டிங் மாவு பிசையும்போதே முடிந்துவிடும்.

பாக்கிக்கு இழுத்தடித்த சூப்பர் மார்க்கெட்காரர், புது லெட்டர்பேடைப் பார்த்ததும் 'சார்' போடுகிறார். குறைந்தபட்ச மூலதனம் ஒரு லட்சம் என்ற விதியை 2015-லேயே எடுத்துவிட்டார்கள் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

வங்கிதான் மசியவில்லை. "கம்பெனிக்குத் தாராளமா கடன் தர்றோம் சார், உங்க வீட்டுப் பத்திரத்தைக் கொண்டாங்க" என்கிறார் மேனேஜர்.

ஆண்டுக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். முறுக்கு விற்றுத்தான் கட்டவேண்டும், இயக்குநர் அவர்களே!