கேள்வி-பதில்: மறைந்துபோன விஞ்ஞானி

கே: ‘ஹாலோ மேன்’ படத்தில் தப்பாகப் போவது மருந்தா, மனிதனா?

ப: மருந்து பாதி வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. மறைய வைக்கிறது, திரும்பக் கொண்டுவரும் ஊசிதான் மனிதனுக்குப் பலிக்கவில்லை. ஆனால் விஞ்ஞானி செபாஸ்டியன் கெய்ன் அதற்கு முன்பே எதிர்வீட்டுப் பெண்ணை ஜன்னல் வழியே உற்றுப் பார்த்தவன். ராணுவ அதிகாரிகளிடம் சோதனை முடிவை மறைத்தவன். மருந்து அவனைக் கெடுக்கவில்லை. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தைப் போக்கிவிட்டது, அவ்வளவுதான்.

கே: 2000-ல் வந்த படம். கிராஃபிக்ஸ் இன்று பல்லிளிக்காதா?

ப: முதல் பாதியைத் தைரியமாகப் பாருங்கள். மறைந்திருந்த கொரில்லாவுக்கு ஊசி போட்டதும், மருந்து ஓடும் ரத்தக் குழாய்கள் வெறுங்காற்றில் மரக்கிளை போலப் படர்கின்றன. அப்புறம் தசை, தோல், ரோமம். கெய்ன் மறையும்போது இதுவே தலைகீழ்: முதலில் தோல் கரைகிறது, தசை போகிறது, கடைசியில் எலும்புக்கூடு துடிக்கிறது. நடிகர் கெவின் பேக்கன் காட்சிக்குத் தக்கபடி பச்சை, நீலம், கறுப்பு என்று உடம்பெல்லாம் சாயம் பூசிக்கொண்டு நடித்தார். பிறகு கம்ப்யூட்டரில் அவரை அழித்தார்கள். ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருதை ‘கிளாடியேட்டர்’ தட்டிக்கொண்டு போனது.

கே: உடம்பே தெரியாதவனுக்குக் கண் தெரியுமா?

ப: தெரியாது. விழித்திரையில் வெளிச்சம் தங்கினால்தான் பார்வை. கண்ணாடி போன்ற கண்ணில் அது ஊடுருவிப் போய்விடும். இதைப் படம் கண்டுகொள்ளவில்லை. ஆனால் இன்னொன்றைச் சரியாகப் பிடித்தது: இமையும் மறைந்துவிட்டதால், கண்ணை மூடினாலும் வெளிச்சத்தைத் தடுக்க முடியாமல் கெய்ன் தவிக்கிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கே: கிளைமாக்ஸ்?

ப: ஏமாற்றம். வில்லன் அடித்தாலும் சுட்டாலும் எழுந்து வருகிறான். ‘ரோபோகாப்’ எடுத்த பால் வெர்ஹோவன் செய்ய வேண்டிய வேலையா இது? வேறு யாரும் இதை எடுத்திருக்கலாம் என்று பின்னாளில் அவரே சொன்னார். அடுத்த படம் ‘பிளாக் புக்’கை (2006) தாய்நாடான நெதர்லாந்துக்குப் போய் எடுத்தார்.

கே: இதே விஷயத்தில் இதைவிட நல்ல படம்?

ப: 2020-ல் லீ வானல் இயக்கிய ‘தி இன்விசிபிள் மேன்’. மறைந்தவனை விட்டுவிட்டு, அவனிடமிருந்து தப்பி வந்த பெண்ணின் பக்கம் நிற்கிறது கதை. ஆளில்லாத அறை மூலையைக் கேமரா சும்மா பார்த்துக்கொண்டே இருக்கும், நமக்கு வியர்க்கும். அவன் இங்கேதான் இருக்கிறான் என்று அவள் கதறுவதை யாரும் நம்பாததுதான் அதைவிடக் கொடுமை.

கே: ‘ஹாலோ மேன்’ படத்தைக் குழந்தைகளோடு பார்க்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். கூண்டில் குரைக்கும் நாயை அவன் என்ன செய்கிறான் என்பதைப் பெரியவர்களாலேயே பார்க்க முடியாது.